காற்றுக்கு முன் வந்த மச்சாள்

மச்சாள்,

இன்று பின்னேரம் காற்று சட்டென்று விழுந்துவிட்டது. வேலியில் காயப்போட்ட வலையின் பாசி மணம் அடுக்களை வரைக்கும் வந்தது. வங்காள விரிகுடாவில் புயல் உருவாகிறது என்று வானொலியில் சொன்னார்கள். என் மகன் சின்னவன் கல்வீடு கட்டிப் பல வருடமாகிறது. கூரை பறக்கும் என்ற பயம் எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் அந்த மணம் வந்ததும் வாசல் படலையைத்தான் பார்த்தேன், நீங்கள் வருகிறீர்களா என்று.

உங்கள் தம்பி அளவெட்டியிலிருந்து சைவப் பெண்ணான என்னைக் கூட்டி வந்து உங்கள் கத்தோலிக்கக் குருநகரில் குடிவைத்த நாளிலிருந்து நீங்கள் என்னோடு கதைத்ததில்லை. இரண்டு வளவு தள்ளித்தான் உங்கள் வீடு. கணவரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியே இருந்தீர்கள். என் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினால் வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பீர்கள். நான் வெளியே வந்தால் உள்ளே போய்விடுவீர்கள்.

பிறகு ஒரு மாரிமழைக் காலத்தில் உங்கள் தம்பி மன்னார்ப் பக்கம் கடல் தொழிலுக்குப் போயிருந்தார். சண்டையில் பாதை பூட்டியதால் திரும்பி வர முடியவில்லை. இங்கே கரண்டும் இல்லாத காலம். அயல்வீட்டுக்காரர் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டுவிட்டு, பொழுதுபட முன்னம் புயல் வரும் என்றார். கைக்குழந்தையாக இருந்த சின்னவனையும் நாலு வயது மூத்தவளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். தென்னோலைக் கிடுகுக் கூரை அப்போதே படபடத்தது.

தோளில் ஒரு பழைய வலையோடு படலையைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள்.

"பிள்ளையளுக்குச் சாப்பாட்டைக் குடுத்துப்போட்டு வந்து இதிலை பிடி."

அதுதான் நீங்கள் என்னோடு கதைத்த முதல் கதை. கூரைமேல் வலையை விரித்தோம். ஓரங்களில் பாரம் கட்ட வேண்டும். நீங்கள் நேரே பதுங்குகுழியான பங்கரடிக்குப் போய், குண்டுவீச்சுக்குப் பயந்து அதன்மேல் நாங்கள் அடுக்கியிருந்த மண்மூட்டைகளை இழுத்தீர்கள்.

"ஐயோ மச்சாள், குண்டு போடப் பொம்பர் வந்தால்?"

"உந்தக் காத்துக்குள்ளை பொம்பர் வராது. இழு."

மூட்டைகளை வலை நுனியில் கட்டினேன். நான் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தீர்கள்.

"உது ஆர் காட்டினது?"

"எங்கடை அப்பு. புகையிலைச் சிப்பம் கட்டுற முடிச்சு."

அடுத்த மூட்டைக்கான கயிற்றையும் என் கையில் தந்தீர்கள். பிறகு உள்ளே போய் அரிசியையும் உடுப்பையும் யூரியாப் பைகளில் போட்டு கூரை வளைமரத்தில் தொங்கவிட்டீர்கள். சுவரில் இருந்த என் பிள்ளையார் படத்தைச் சற்று நேரம் பார்த்தீர்கள். சேலைத் தலைப்பால் துடைத்து அதையும் உடுப்புகளுக்கு நடுவே வைத்தீர்கள்.

மாதா கோயிலில் ஒதுங்கப் புறப்பட்டபோது மூத்தவளைக் காணவில்லை. வானத்தில் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும் என்று நாங்கள்தான் அவளைப் பழக்கியிருந்தோம். காற்றின் இரைச்சலை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். தெரு ஒழுங்கையால் ஏறிய கடல் தண்ணீர் பங்கருக்குள் விழுந்துகொண்டிருந்தது. சின்னவனை அணைத்தபடி நான் அலறினேன். நீங்கள் இறங்கிவிட்டீர்கள்.

"மாமி வாறன். அசையாதை, குஞ்சு. மாமி வாறன்."

உங்களை மாமி என்று அவள் அதுவரை கூப்பிட்டதே இல்லை. உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கோயிலிலும் அவள் உங்களை விடவில்லை. நனைந்த சேலையோடேயே அவளை மடியில் வைத்திருந்தீர்கள். மாற்ற உடுப்புத் தந்தவர்களிடம், "பிள்ளை எழும்பிவிடும்" என்று சொல்லி மறுத்துவிட்டீர்கள்.

விடிந்து வந்து பார்த்தபோது எங்கள் கூரை வலைக்குள் அப்படியே இருந்தது. உங்கள் வீட்டில் வாசல் நிலை மட்டும் நின்றது. உங்களிடம் இருந்த ஒரே வலையைத்தான் எங்கள் கூரைக்குப் போட்டிருந்தீர்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஏன் மச்சாள் உங்கடை வீட்டைக் கட்டாமல் விட்டனீங்கள்?"

"என்ரை வீட்டிலை ஆர் இருக்கினம்?"

அதன் பிறகு எங்களோடுதான் இருந்தீர்கள். ஆனால் சில நாட்களிலேயே காய்ச்சல் பிடித்தது. சளி நெஞ்சில் இறங்கியது. கொத்தமல்லி அவித்துத் தந்தேன். சைக்கிளில் உங்களை இருத்தி ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனேன். பாதை பூட்டியதால் மருந்தும் வராத காலம். டொக்டர் இருந்ததைத் தந்தார், அது போதவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "தம்பி வந்தால் கூரைக்குப் புதுக்கிடுகு போடச் சொல்லு" என்றீர்கள். அவர் வந்து சேர்ந்தபோது சேமக்காலையில் உங்கள்மேல் போட்ட மண் காய்ந்திருந்தது. அந்த மண்ணிலேயே குந்தியிருந்து அழுதார். கிடுகு வேயும்போதும் அழுதார்.

மரித்தோர் நாளில் திருநீற்றோடுதான் உங்களிடம் வருகிறேன். உங்கள் செபம் எனக்குப் பாடமில்லை. மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு வீட்டுக் கதைகளைச் சொல்வேன். மூத்தவளுக்குப் பெண் பிறந்திருக்கிறது என்பேன். சின்னவன் இன்னும் சொல்வழி கேட்பதில்லை என்பேன். நாங்கள் இருவரும் கதைத்தது ஒரு மாரியில் பாதிதான். மிச்சக் கதை முழுதும் என்னிடம் கிடக்கிறது, மச்சாள்.