பரிசுப் பட்டியலும் பத்தாவது மாடி ஆமையும்

டிசம்பர் 1, திங்கள்

இருபத்தொன்பது வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவனுக்கு இன்று கிடைத்த வேலை: "விடுமுறைப் பரிசு. குழந்தைகளுக்கு ஐந்து புத்தகம், ஐந்து கதைச் செயலி."

ஞாயிறு இணைப்பிதழைக் கவனிக்கும் பெண்ணுக்கு என் வயதில் பாதி இருக்கும். ஓர் அட்டைப்பெட்டி நிறையப் படப் புத்தகங்களை என் மேசையில் இறக்கினாள்.

"ஜாலியா எழுதுங்க சார்."

"யாரும்மா சாட்சி?"

"என்ன சார்?"

"இந்தப் புத்தகம் நல்லா இருக்குன்னு யார் சொன்னது?"

"நீங்கதான் சார் சொல்லப்போறீங்க. பதினொண்ணாம் தேதிக்குள்ள."

எனக்கு ஐம்பத்து நான்கு. புத்தகத்தின் பின்னட்டையில் "5 முதல் 7 வயது வரை" என்று போட்டிருக்கிறது. என் சாட்சி செல்லாது.

டிசம்பர் 2, செவ்வாய்

பெட்டியில் இருபத்து மூன்று புத்தகங்கள். பதினொன்றில் கரடி.

டிசம்பர் 3, புதன்

சாட்சி கிடைத்துவிட்டது. தங்கை மகள். ஆறு வயது. உருண்டு ஓடிவிடுவாள், கையில் நிற்கமாட்டாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் பட்டாணி.

இதில் வேறு ஒரு விஷயமும் இருக்கிறது. தங்கை பதினான்கு வருடமாகப் பள்ளியில் புவியியல் நடத்துகிறாள். ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். தொண்டையில் முடிச்சு விழுந்து, போன வாரம் அறுவை சிகிச்சை. 22ஆம் தேதி வரை வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மகளுடைய மேஜிக் ஸ்லேட்டில் எழுதித்தான் குடும்பம் நடத்துகிறாள். இன்று நான் உள்ளே நுழைந்ததும் எழுதிக் காட்டியது: "செருப்பு!"

தினமும் சாயங்காலம் ஏழரைக்கு அவள் கதை படிப்பாள், பட்டாணி தூங்குவாள். ஐந்து நாளாகக் கதையும் இல்லை, ஒழுங்கான தூக்கமும் இல்லை. வேறு யார் படித்தாலும் பட்டாணிக்கு ஆகவில்லை.

போன வருடம் நான் அவளுக்குக் கொடுத்த விடுமுறைப் பரிசு இன்னும் அந்த வீட்டில் உபயோகத்தில் இருக்கிறது. "பொது அறிவு: ஐயாயிரம் வினா விடைகள்." அதன் மேல் ஏறி நின்றுதான் விளக்கு சுவிட்சைப் போடுகிறாள்.

டிசம்பர் 5, வெள்ளி

செயலிகள் விசாரணை. இடம்: தங்கை வீட்டு சோபா.

முதல் செயலி: குளத்தைத் தொட்டால் தவளை கத்துகிறது. பட்டாணி நாற்பத்தொரு முறை தொட்டாள். எண்ணினேன். கதை முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. மாப்பிள்ளை அடுத்த அறையிலிருந்து, "மச்சான், அந்தத் தவளைக்குத் தண்ணி ஏதும் குடுங்க" என்றார்.

இரண்டாவது: கதை உச்சத்தில் இருக்கும்போது நின்று, "பெரியவர் ஒருவரை அழைக்கவும்" என்றது. பட்டாணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாமா, நீ பெரியவரா?"

"ஆமா."

"அப்பாவையே கூப்பிடறேன்."

மூன்றாவது: படம் அருமை. படிக்கும் குரல் ரயில் நிலைய அறிவிப்பு. நரி ஏமாற்றியதும் மூன்றாம் நடைமேடைக்கு வந்துவிடும் போலிருந்தது.

நான்காவதில் ஒரு வசதி. புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டு, நம் குரலிலேயே கதையைப் பதிவு செய்யலாம். பக்கம் தானாகப் புரளும். தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்லேட்டில் எழுதினாள்: "இது போன மாசம் தெரிஞ்சிருக்கணும்."

டிசம்பர் 6, சனி

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இன்று அவர் முறை. பெட்டியிலிருந்து "பத்தாவது மாடி ஆமை" என்ற புத்தகத்தை எடுத்தார். தரைத்தளத்தில் வசிக்கும் ஆமை ஒன்று மழையை மேலிருந்து பார்க்க லிஃப்டில் ஏறுகிறது. ஏழாம் மாடியில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. இருட்டு. ஒரு பூனை கதவைத் திறந்து காப்பாற்றுகிறது. பத்தாவது மாடி போய்ச் சேர்ந்தால் மழை நின்றிருக்கிறது, கொடியில் துணிகள் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. அதையே மழை என்று நினைத்து ஆமை பார்த்துக்கொண்டே இருக்கிறது. எனக்குப் பிடித்தது.

நான்காம் பக்கத்தில் மாப்பிள்ளை நிறுத்தினார்.

"கதவு மூடாம லிஃப்ட் நகருது பாருங்க. நகரவே நகராது. பூனையெல்லாம் வெளியிலிருந்து திறக்கவும் முடியாது. தப்பான தகவல் மச்சான். நீங்க இதைப் பேப்பர்ல போடப்போறீங்களா?"

"அப்பா, படி."

படித்தார். பாதியில் அவரே தூங்கிவிட்டார். பட்டாணி தூங்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

நானே பதிவு செய்தேன். ஆமைப் புத்தகம், கைப்பேசி, கதவைச் சாத்திய அறை. இருபத்தொன்பது வருடம் எத்தனையோ தீர்ப்புகளைத் தொலைபேசியில் படித்துக் கொடுத்தவன். ஆமை என்ன பெரிய விஷயம்?

டிசம்பர் 8, திங்கள்

பெரிய விஷயம்தான்.

ஏழரைக்குச் செயலியைத் திறந்தோம். என் குரல் தொடங்கியது: "பத்தாவது மாடிக்குச் சென்ற ஆமை ஒன்று, லிஃப்டில் சிக்கி மூன்று மணி நேரம் தவித்த பின் நேற்று பத்திரமாக மீட்கப்பட்டது."

பட்டாணி எழுந்து உட்கார்ந்தாள்.

"முடிவை ஏன் மொதல்லயே சொன்ன?"

"முக்கியமானதை முதல் வரியில சொல்லணும்டா. படிக்கிறவங்களுக்கு நேரம் இருக்காது—"

"எனக்கு நேரம் இருக்கு!"

இருக்கிறதுதான். ஆறு வயது.

"நேத்துன்னு புக்ல எங்க இருக்கு? மூணு மணி நேரம்னு எங்க இருக்கு?"

ஏழாம் மாடிப் படத்தில் ஒரு கடிகாரமும் பத்தாம் மாடிப் படத்தில் ஒரு கடிகாரமும் வரைந்திருந்தார்கள். கழித்துப் பார்த்தேன்.

தங்கை முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சத்தமில்லாமல் சிரிப்பது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் பார்த்தேன். பிறகு ஸ்லேட்: "சிரிக்க வைக்காதே. தையல்."

"அழி மாமா அதை" என்று உத்தரவாயிற்று. சரி என்றேன். அழிக்கவில்லை. பழைய குறிப்பேடுகளை மூன்று வருடம் வைத்திருப்பது தொழில் பழக்கம். வழக்கு எப்போது மேல்முறையீட்டுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

டிசம்பர் 9, செவ்வாய்

மறுபதிவு. பட்டாணி பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினாள். என் எழுத்தை இவ்வளவு கண்டிப்பாக எந்த ஆசிரியரும் பார்த்ததில்லை. ஆமை மெதுவாகப் பேச வேண்டும். பூனைக்கு மூக்கடைத்த குரல். ஏழாம் மாடியில் இருட்டும்போது நான் அவசரப்படக் கூடாது. "அம்மா அங்க கொஞ்சம் சும்மா இருப்பாங்க. அப்பறம்தான் படிப்பாங்க."

ஆறு முறை எடுத்தோம். ஒரு முறை படிக்க நான்கு நிமிடம் ஐம்பது விநாடி. ஆறாவதைக் கேட்டுவிட்டு, "பரவால்ல" என்றாள். தூங்கியும் விட்டாள்.

டிசம்பர் 11, வியாழன்

பட்டியல் கொடுத்தேன். இணைப்பிதழ்ப் பெண் படித்துவிட்டு வந்தாள்.

"சார், 'பெயர் வெளியிட விரும்பாத ஆறு வயது வாசகர் ஒருவர் தெரிவித்தார்'னு ஏழு இடத்துல இருக்கு."

"ஏழு இடத்துல தெரிவிச்சாங்க."

"செயலி நாலுதான் இருக்கு. அஞ்சு கேட்டேன்."

"அஞ்சாவது தேறலம்மா."

அவள் சிரித்துக்கொண்டே நான்கை அப்படியே விட்டாள். தவளைச் செயலி உள்ளே வந்துவிட்டது. நீண்ட பயணத்துக்கு உதவும் என்று எழுதினேன். ஆமைப் புத்தகம் முதலிடம். "லிஃப்ட் பற்றிய தொழில்நுட்பத் தகவல்களுக்கு இதை நம்ப வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்தேன். மாப்பிள்ளைக்காக.

டிசம்பர் 13, சனி

சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். மேசைக்கு அடியில் பட்டாணி. கையில் அப்பாவின் கைப்பேசி. தங்கையின் குரல் கேட்டது: "வரும்போது தக்காளி அரைக் கிலோ. போன தடவை மாதிரி அழுகினது வேண்டாம், பார்த்து எடுங்க."

அக்டோபரில் அனுப்பிய குரல் செய்தி. ஒன்பது விநாடி. முடிந்ததும் மறுபடி போட்டாள். மறுபடி.

நான் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"மாமா, அம்மாவுக்குப் பேச்சு வருமா?"

"டாக்டர்—"

"முடிவை மொதல்ல சொல்லு. உனக்குத்தான் சொல்லத் தெரியுமே."

என்ன சொல்வது? வரும்டா என்று சொல்லியிருக்கலாம். எந்த மாமாவும் சொல்லியிருப்பான். ஆனால் எனக்குத் தெரியாதே. தெரியாததை ஒரு நாளும் எழுதியதில்லை. இதில் போய் ஆரம்பிக்க— முடியவில்லை.

"கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இணைப்பிதழ் வந்தது. பட்டாணி தன்னைப் பற்றிய ஏழு இடங்களுக்கும் அடிக்கோடு போட்டாள். மாப்பிள்ளை அந்த லிஃப்ட் வரியை வெட்டித் தன் கருவிப் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறார்.

நான் சரியாகச் சாப்பிடவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

டாக்டர் அறைக்கு வெளியே ஒன்றேகால் மணி நேரம். நீதிமன்ற வராந்தாவில் தீர்ப்புக்காகக் காத்திருந்ததுண்டு. அங்கெல்லாம் அது வேறு யாருடைய வழக்கோ.

டாக்டர் நல்ல மனிதர். ஆனால் சிக்கனமான மனிதர். "காயம் நல்லா ஆறுது. குரல் வரணும். பழைய குரலேவான்னு 22ஆம் தேதி சொல்றேன்."

"வரணும்னா, வரும்னு எடுத்துக்கலாமா?"

"வரணும்னே எடுத்துக்கங்க."

இப்படிப்பட்ட வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன். எதிர்முனையில் இருந்து படித்தது இன்றுதான்.

சாயங்காலம் பட்டாணியிடம் அதை அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அப்போ கடைசிப் பக்கம் டாக்டருக்கே தெரியாதா?"

"இன்னும் தெரியாது. வர்ற திங்கட்கிழமை தெரியும்."



"புதுப் புத்தகத்துல ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான். இழுத்தா கிழிஞ்சிரும். பொறுமையா இருக்கணும்."

சரி என்று தலையாட்டினாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த மொதல் ஆமை இருக்கா? தப்பா படிச்சது."

"அழிக்கச் சொன்னியே."

"இருக்கா?"

இருந்தது. போட்டேன். "...நேற்று பத்திரமாக மீட்கப்பட்டது." அந்த வரி முடிந்ததும் படுத்துக்கொண்டாள். ஏழாம் மாடி இருட்டு வரும்போது தூங்கியிருந்தாள்.

டிசம்பர் 16 முதல் 20 வரை

ஐந்து நாளும் முதல் ஆமைதான். மேல்முறையீட்டில் வென்றேன் என்று ஏனோ எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கடைக்குப் போய் ஆமைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பெட்டியில் இருந்தது அலுவலகத்துடையது, திருப்பித் தரவேண்டும். இந்த வருடப் பரிசு இதுதான். சுவிட்ச் போட உயரம் காணாது.

டிசம்பர் 22, திங்கள்

காலையில் டாக்டர் தொண்டைக்குள் பார்த்தார். பேசலாம் என்றார். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. "இப்போ ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க" என்றார். தங்கை மறுத்துத் தலையாட்டிவிட்டு ஸ்லேட்டை எடுத்தாள்: "ஏழரைக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

பகல் முழுக்க அவள் ஒரு சொல் பேசவில்லை. மாப்பிள்ளை இரண்டு மணிக்கே வேலையிலிருந்து வந்து, வீட்டில் லிஃப்ட் இல்லாத குறைக்கு மின்விசிறியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பட்டாணி மேசைக்கு அடியில் போகவில்லை; வாசலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்தாள்.

ஏழரை. புதுப் புத்தகம். தங்கை கட்டிலில், பட்டாணி அவள் மடியில். நான் கைப்பேசியில் விநாடிமானியை ஓடவிட்டேன். ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

"அம்மா, மொதல்ல முடிவைச் சொல்லு."

தங்கை வாய் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. மாப்பிள்ளை கையிலிருந்த ஸ்க்ரூ ஒன்று தரையில் விழுந்து உருண்டது. யாரும் குனியவில்லை.

"ஆமை... பத்திரமா வந்துடுச்சு."

கரகரத்த குரல். பழையதைவிடக் கொஞ்சம் தணிந்தது. ஆனால் அவளுடையது, தக்காளி சொன்ன அதே ஆள்.

பட்டாணி முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

ஏழாம் மாடியில் தங்கை கொஞ்சம் சும்மா இருந்தாள். பிறகு படித்தாள். மாப்பிள்ளை லிஃப்ட் கதவைப் பற்றி வாயே திறக்கவில்லை. துணிகள் சொட்டிய பக்கத்தை முடித்தபோது விநாடிமானியில் நான்கு நிமிடம் ஐம்பத்தாறு விநாடி. பட்டாணி விழித்தே இருந்தாள்.

நான்கு விநாடி மிச்சம். தங்கை என் பக்கம் திரும்பினாள். என் மடியில் குறிப்பேடு திறந்திருந்தது.

"அண்ணா, குறிப்பெடுக்காதே."

மூடிவிட்டேன். இதெல்லாம் வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதியது.