சூடம் அணைத்த கை

சிதம்பரம்
2.11.2023

அன்புள்ள தம்பி இளவரசுக்கு,

அக்கா தமிழ்ச்செல்வி எழுதிக்கொள்வது. நலமா என்று நீ கேட்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நலமில்லை. போனில் பேசினால் ரெக்கார்டு செய்து வைத்துக்கொள்ளும் ஆள் நீ. அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போடு.

கிள்ளையில் நம் இறால் குட்டையின் உப்புத்தண்ணீர் பாய்ந்து, பக்கத்து வயல்காரன் ஆண்டியின் நாற்றெல்லாம் கருகிவிட்டது. மழையில் கரை உடைந்தது என்கிறார் என் வீட்டுக்காரர், உன் ராஜ்கமல் மாமா. அவர்தான் வெட்டிவிட்டார் என்கிறான் ஆண்டி. ஊர்க்கூட்டம் போட்டு, பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது என்று முடிவாகிவிட்டது. கரை உடைந்த அன்று விடியற்காலை நீ பண்ணையில் இருந்தாய் அல்லவா? "இளவரசு சாமி கும்புடாத பையந்தான், ஆனா பொய் பேச மாட்டான். அவன் வந்து சூடத்த அணைச்சி சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்" என்று ஆண்டியே சொல்லிவிட்டான்.

கரை தானாக உடைந்தது என்று வந்து சொல்லிவிட்டுப் போ. மாமா பொய்ச் சத்தியம் செய்தால் அம்மன் சும்மா விடமாட்டாள். அவர் பிள்ளை குட்டிக்காரர். உனக்குத்தான் சாமியே இல்லையே, உனக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

உன் அக்கா
தமிழ்ச்செல்வி


கடலூர் முதுநகர்
6.11.2023

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

மாமா மண்வெட்டியால் கரையை வெட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். தடுக்கப் போன என்னைப் பிடித்துத் தள்ளினார். "குட்ட வழிஞ்சா எறா பூரா பூடும்டா. அவன் நாத்து போனா மறுக்கா வுட்டுக்குவான்" என்றார். இது உனக்கும் தெரியும்.

சாமி இல்லாதவன் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று உனக்கு யார் சொன்னது? உங்களுக்காவது பரிகாரம் இருக்கிறது, முழுக்குப் போட ஆறு இருக்கிறது. எனக்கு அதெல்லாம் கிடையாது. ஆண்டிக்குக் கெடுதல் செய்தால் ஆண்டியின் முகத்தில்தான் நான் விழிக்க வேண்டும்.

இன்னொன்று. பொய்ச் சத்தியம் செய்தவனை அம்மன் அடிப்பாள் என்று நம்புகிறவள் நீ. நம்பிக்கொண்டே என்னை அனுப்பப் பார்க்கிறாய். அந்த அடி என் மேல் விழட்டும் என்றுதானே?

பதினேழாம் தேதி வருகிறேன். பார்த்ததைச் சொல்வேன். சூடம் கீடமெல்லாம் வேண்டாம், என் வாய்ச்சொல் போதும்.

இளவரசு


சிதம்பரம்
9.11.2023

இளவரசு,

தீபாவளிக்கு என் மகள் பவானிக்கு நீ அனுப்பிய பட்டுப்பாவாடையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

அடி உன் மேல் விழட்டும் என்றா நினைத்தேன்? அந்தப் பாவம் என் தலையில் வரட்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்ட பிறகுதான் உனக்கு எழுதவே உட்கார்ந்தேன். உனக்கு எங்கே அது புரியப் போகிறது!

உன் வாய்ச்சொல் யாருக்கு வேண்டும்? சூடம் அணைக்காதவன் பேச்சு அங்கே எடுபடாது. நீயோ கோயில் படி மிதிக்க மாட்டாய். போன வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது, நெற்றியில் ஒரு கீற்று விபூதி இட்டுக்கொள் என்று உன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "எனக்கு நம்பிக்க இல்லக்கா" என்றாய். அதே கொள்கையோடு வீட்டிலேயே கிட. எப்போதும் போல் அனாதைப் பிணங்களை அடக்கம் செய்து நல்லவன் என்று பேர் வாங்கு. கூடப்பிறந்தவள் குடும்பம் எக்கேடு கெட்டால் உனக்கென்ன?

மீறி வந்தால், பவானி காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி என்று நீ வந்து உட்கார முடியாது. பெரியப்பா மகன் கொளஞ்சியப்பன் மடியில் வைத்துக் குத்துவேன்.

தமிழ்ச்செல்வி


சிதம்பரம்
18.11.2023

ஆண்டிக்குத் தம்பியாகிவிட்டவருக்கு,

நேற்று நீ வெறும் வாயால் சொன்னதும், "சூடத்த அணைக்க பயப்படறவன் பேச்ச எப்பிடிப்பா எடுத்துக்கறது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஆண்டி உன்னைப் பார்த்த பார்வையையும் கவனித்தேன்.

பிறகு நீ செருப்பைக் கழற்றினாய். உள்ளே போனாய். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அமுக்கி, "எங்க மாமாதான் வெட்னாரு, நான் பாத்தேன்" என்றாய். ஊரே பார்க்க அவர் தலையைத் தொங்கப் போட்டார். இப்போது குட்டையை மூடச் சொல்லிவிட்டார்கள். அடுத்த அறுவடைவரை ஆண்டி வீட்டுச் சாப்பாட்டு நெல்லும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

பெற்ற தாய்க்குச் செய்யாததை எவனோ ஒருவனுக்குச் செய்தாயே, வெட்கமாக இல்லை? அந்தக் கொள்கையாவது உன்னிடம் மிஞ்சியிருந்தால் உன்னை மதித்திருப்பேன்.

ராஜ்கமலின் மனைவி


கடலூர் முதுநகர்
22.11.2023

அக்கா,

வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விபூதி இட்டிருந்தால் அம்மா முன்னால் நான் வேஷம் போட்டதாக ஆகியிருக்கும். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துதான் அம்மா கடைசிவரை எனக்குச் சோறு போட்டாள். கோயிலில் நான் அம்மனுக்குப் பயந்து அணைக்கவில்லை. நான் சும்மா நின்றிருந்தால் என் கொள்கை பிழைத்திருக்கும், ஆண்டி பொய்யனாகியிருப்பான். எனக்கு அது பொறுக்கவில்லை.

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. ஆனாலும் பவானி என் மடியில்தான் உட்கார வேண்டும். கோயிலிலேயே வை, மாலை போடு, என்ன சடங்கு வேண்டுமானாலும் செய். வந்து உட்கார்கிறேன். எந்தத் தேதி என்று மட்டும் எழுது.

இளவரசு


சிதம்பரம்
11.12.2023

இளவரசு,

நேற்று காதுகுத்து முடிந்துவிட்டது. கொளஞ்சியப்பன் மடியில்தான். குத்தும்போது பவானி அழவில்லை. அதற்கப்புறம்தான், "மாமா ஏம்மா வரல?" என்று அழுதாள்.

பொய் சொல்லச் சொன்னேன், உன் மாமா சொல்லவில்லை, அதனால் கூப்பிடவில்லை என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்? "மாமாக்கு ஒடம்பு சரியில்லடி" என்று சொல்லிவிட்டேன்.

ரத்தம் காயாத காதோடு ஓடிப்போய், உனக்குக் குணமாக வேண்டும் என்று அம்மன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என்னால் கைகூப்ப முடியவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

அக்கா