இருபத்து நான்காவது படம்

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறாள். உன் அத்தானுக்கு டிப்போவில் காலை ஷிப்ட் கிடைத்துவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். டீச்சர்தான், இனி போனில் கண்டதையும் பேசாதே என்று பயமுறுத்திவிட்டாள். மருந்துக் கடைக்காரரின் மகள் உன் ஊருக்குப் படிக்க வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாம் கேலியாக டீச்சர் என்று கூப்பிட்டவள் நிஜமாகவே டீச்சர் ஆகிவிட்டாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. உங்கள் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும்போதே தாளம் தப்பியவன் மண்டையில் பென்சிலால் தட்டியவளாயிற்றே. இந்த ஊரில் பங்க் என்கிற கத்தல் இசை ஒன்று இருந்தது என்றால் அவள் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்புவதில்லையாம். அந்த வீம்பில் ஒரு புத்தகம் போடக் கிளம்பியிருக்கிறாள். நான் எடுத்த படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதில் இருப்பவர் யாராவது ஒருவர் தன் ஞாபகத்தைத் தன் கையெழுத்தில் எழுத வேண்டும். அதுதான் ஏற்பாடு.

படங்கள் போட்டு வைத்த செருப்புப் பெட்டிகளை இறக்கிப் பிரித்தேன். நீங்கள் வாசித்த, பூட்டிக் கிடந்த ஐஸ் கம்பெனியின் நிலவறை படங்களில் அப்படியே இருக்கிறது, தம்பி. வியர்வை சுவரில் வழிகிற படம். காதில் ஊக்கு குத்திக்கொண்டு, சீழ் பிடித்து, அப்படியும் பல்லைக் காட்டுகிற நீ. விரிசல் விட்ட சிம்பல் தட்டுக்கு, உங்களோடு வாசித்த வெல்டர் பற்றவைத்துக் கொடுத்து, அதிலிருந்து தகர டப்பா சத்தம் வந்து, அதுவே நன்றாக இருக்கிறது என்று நீங்கள் வைத்துக்கொண்டது. அம்மா ஒரே ஒரு தடவை வாசல்வரை வந்து கேட்டுவிட்டு, “இது பாட்டா, இல்ல உள்ள யாரையாவது போட்டு அடிக்கிறாங்களா?” என்று கேட்டாளே, அந்த முகம்கூட ஒரு படத்தில் இருக்கிறது. பார்த்துவிட்டு அம்மா சிரித்தாள். உன் படம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நூலக மாடியில் முப்பது படங்களை மாட்டி வைத்தோம். முதல் மூன்று நாள் நல்ல கூட்டம். நான்காம் நாள் ஒரு ஆள் வந்தார். நன்றாகத் தேய்த்த சட்டை, பணிவான பேச்சு. எல்லாப் படங்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, “இதுல இருக்கறவங்க பேரெல்லாம் ஒரு லிஸ்ட்டா கிடைக்குமாம்மா?” என்று கேட்டார். எதற்கு என்றேன். “சும்மா, ஒரு ஆர்வம்தான்” என்றார். மறுநாள் டீச்சரைத் தலைமையாசிரியர் கூப்பிட்டு, இந்த வேலை எல்லாம் எதற்கு என்று விசாரித்திருக்கிறார். நாங்கள் படங்களைக் கழற்றி எடுத்து வந்துவிட்டோம்.

டீச்சர் விடுவதாக இல்லை. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சாயப் பட்டறைக் கழிவில் ஆற்றுத் தண்ணீர் சிவந்துபோனதைப் பற்றி, முதலாளி பெயரைச் சொல்லியே நீங்கள் ஒன்றரை நிமிடப் பாட்டாகக் கத்திய அந்த மத்தியானம். வேனில் வந்து வெல்டரைத் தூக்கிக்கொண்டு போன அன்று. நீ பாட்டு முடிந்த கையோடு பஸ்ஸுக்குப் போய்விட்டதால் தப்பித்தாய் என்றுதான் அவள் புத்தகத்தில் தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அன்று நான் படமே எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே யாராவது புதிதாகப் பழக வந்தால் உடனே வீட்டுக்குக் கூட்டிப் போகாதே.

உன் அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைப் பக்கத்து ஊர் தபால் பெட்டியில் போடுகிறேன். நம் தெருமுனைப் பெட்டிக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் மூன்று நாளாக நிற்கிறது. உன் அத்தான், “அது கேபிள் ரிப்பேர்காரன் வண்டி, நீ வேற” என்கிறார். இருக்கலாம். ஆனாலும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன்.

டீச்சரிடம் பொய் சொன்னேன். அன்று ஒரு பிலிம் ரோல் முழுக்க எடுத்தேன். கழுவாமல் ஈயத் தாளில் சுற்றி, தையல் மெஷின் டிராயரில் பதினொரு வருடமாக வைத்திருந்தேன். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இப்போது எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பழைய இருட்டறையில் துடைப்பமும் உடைந்த ஸ்டூலும் கிடக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அந்த ரோலைக் கழுவினேன். புகை படிந்த மாதிரி இருந்தது, ஆனால் படங்கள் விழுந்திருந்தன.

இருபத்து மூன்றுவரை உள்ளே எடுத்தவை. இருபத்து நான்கு, படிக்கட்டு மேலிருந்து, காற்றுப் போகிற ஓட்டை வழியாக எடுத்தது. நல்ல வெயில். சாம்பல் நிற வேன் ஒன்று நிற்கிறது. முன் ஜன்னலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். ஜன்னலை ஒட்டி நீ நிற்கிறாய். உன் வலது கை நீண்டிருக்கிறது. நீ காட்டுகிற பக்கம், நிலவறை வாசலில், வெல்டர் கிட்டார் ஆம்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இருபத்தைந்தில் அவனை இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள். இருபத்தாறில் தரையில் ஆம்ப் மட்டும் கிடக்கிறது. நீ இல்லை.

வேறு எதற்காகவோ கை நீட்டினாயா? வழி கேட்டார்களா? எனக்கு ஆயிரம் காரணம் தோன்றுகிறது. ஒன்றும் நிற்கமாட்டேன் என்கிறது.

இதை எழுதத்தான் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்: கழுவிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது என்று நினைக்காதே. காமிராவில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தவள் நான். உன்னைப் பார்த்துத்தான் அழுத்தினேன். பார்த்ததால்தான் கழுவவில்லை. வெல்டர் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவன் கைக்கு எக்ஸ்ரே எடுத்ததும் நான்தான். ஐந்து விரலிலும் எலும்பு தப்பும் தவறுமாகச் சேர்ந்திருந்தது. “அசையாம இருங்க” என்று ஊர்பேர் தெரியாத நோயாளியிடம் சொல்வதுபோல அவனிடம் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

இதை யாருக்கும் காட்டவில்லை. அம்மாவிடம் மூச்சு விடவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அதைக் கேட்டுத்தான் அடுத்த அடி. சீக்கிரம் பதில் போடு. எனக்கு உன்னை நினைத்தும் பயம், என்னை நினைத்தும் பயம்.

உன் அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

நீ யாரோ ஒருவர் நம்பரிலிருந்து கூப்பிட்டுப் பேசி இன்றோடு பத்தொன்பது நாள். அதன் பிறகு உன் போன் அணைந்தே கிடக்கிறது. நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரர் நம்பரிலும் யாரும் எடுக்கவில்லை. அம்மாவிடம், உனக்கு வேலை இடம் மாற்றிவிட்டார்கள், அங்கே டவர் கிடைக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்பின மாதிரி தலையாட்டினாள்.

நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மனதில் வைத்திருக்கிறேன். “அக்கா, உன் டியூட்டி நேரம் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எந்த பஸ், எந்த கேட்டு, எல்லாம் சொன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?” என்று அழுதாய். பிறகு, “அதக் கொளுத்திரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

கொளுத்தத்தான் போனேன். மாடியில் பழைய வாளியை வைத்து, தீக்குச்சியைக் கிழித்தேன். மூன்று குச்சி அணைந்தது. என்னைக் காட்டி மிரட்டித்தான் உன்னைக் கை நீட்ட வைத்தார்கள், அதற்கான சாட்சியை இப்போது நானே அழிப்பதா என்று தோன்றியது. பத்தொன்பது வயதில் நீ அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாய். பார்த்துவிட்டேன் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தாவது பயந்திருக்கலாம். வாளியை எடுத்து வைத்துவிட்டு, படத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெல்டரைப் பார்க்கப் போனேன். உன்னிடம் கேட்காமல் போனேன். அதற்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அவன் இப்போது இரும்புக் கடையில் இருக்கிறான். பற்றவைக்கும் வேலை அந்தக் கைக்கு ஆகாது. ஆணி, போல்ட் நிறுத்துக் கொடுக்கிறான். எல்லோரும் இன்னும் வெல்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். படத்தைக் கல்லா மேஜையில் வைத்தேன். அவன் வெகுநேரம் பார்த்தான். முதலில் கேட்டது என்ன தெரியுமா? “அந்த ஆம்ப் என்னாச்சு?” தெரியவில்லை என்றேன். “நல்ல ஆம்ப்” என்றான்.

அப்புறம், “அவன்தான்னு அன்னைக்கே தெரியும்” என்றான். வேனுக்குள் தள்ளும்போது உன் சட்டையைப் பார்த்தானாம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். “சொன்னா டீச்சர் அவனைக் கொன்னே போட்டிருப்பா” என்றான். “ஏன் பண்ணினான்னு மட்டும்தான் புரியல. உள்ள இருந்த ரெண்டு வருஷமும் அதைத்தான் யோசிச்சேன். நான் அவனை என்னிக்காவது கேவலமாப் பேசிட்டேனான்னு” என்றான்.

எனக்காக என்று சொன்னேன். அவர்கள் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதையும் சொன்னேன். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் இரண்டு அங்குல ஆணி கேட்டு வந்தார். நிறுத்துக் கொடுத்தான், சில்லறை கொடுத்தான். திரும்பி வந்து நான் உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். மன்னித்துவிட்டான் என்று நான் எழுதமாட்டேன். அப்படி ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. என்னை ஒருமுறைகூட நேராகப் பார்க்கவும் இல்லை.

கிளம்பும்போது சொன்னான்: “படத்தைப் போடு. யார் மூஞ்சியையும் வெட்டாத, அந்தக் கண்ணாடிக்காரன் மூஞ்சியையும். கீழ உன் தம்பியையே எழுதச் சொல்லு. நான் எழுதினா கோழி கிறுக்கின மாதிரி இருக்கும்.” தன் கையைக் காட்டித்தான் சொன்னான்.

அந்தக் கண்ணாடிக்காரர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். அவர் முகம் போன வாரம்கூடச் செய்தித்தாளில் வந்தது. டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் பக்கத்தில் உன்னைப் பற்றி எழுதியிருந்த வரியை அடித்தாள். அச்சகக்காரர் இந்தப் படம் இருந்தால் அச்சடிக்க முடியாது என்கிறார். வேறு ஊரில் ஒருவர் சம்மதித்திருக்கிறார். நேற்று எங்கள் வீட்டு வாசலுக்கு அந்தத் தேய்த்த சட்டைக்காரரே வந்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார், மகள் எந்தப் பள்ளி என்று விசாரித்துவிட்டுப் போனார். உன் அத்தான் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் நிறுத்து என்றும் சொல்லவில்லை. மகளைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, “நீ பண்றதப் பண்ணு” என்றார்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும்போது முதுகு கூசுகிறது. ஆனால் தம்பி, அந்த ஆள் வாசலில் நின்றபோது எனக்கு இருந்த பயத்தைவிட, உன் போன் அடிக்காமல் கிடப்பது பெரிய பயமாக இருக்கிறது. நீ அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன யோசித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். யோசிக்காதே. எழுந்து முகம் கழுவு. ஏதாவது சாப்பிடு. வெளியே போய் நாலு பேர் இருக்கிற இடத்தில் உட்கார்.

இருபத்து நான்காவது படத்துக்குக் கீழே பத்து வரிக்கு இடம் விட்டிருக்கிறோம். நடந்ததை நடந்தபடி எழுது. எழுத வரவில்லை என்றால் விடு, அது எப்போது வேண்டுமானாலும் ஆகட்டும், அந்த இடம் காலியாகவே போகட்டும். அம்மா தினமும் தபால்காரர் வரும் நேரம் வாசலில் போய் நிற்கிறாள், நானும் பின்னால் போய் நிற்கிறேன். வெறும் தாளை மடித்து வைத்தாலும் போதும். உறைமேல் எங்கள் முகவரியை மட்டும் உன் கையால் எழுதி அனுப்பு.

நூறு வயது நீ இருக்க வேண்டும்.

உன் அக்கா