மாட்டுக்கொட்டகைக் கொக்கி

சேரப்பணஞ்சேரி காலனி,
16-9-2025

விளைநிலம் மாண்டிசோரி பள்ளிக்கூடத்துத் தலைமை அம்மா மஞ்சுளா அவர்களுக்கு, ஏழாவது படிக்கும் தென்றலின் தாத்தா கன்னியப்பன் வணக்கம் சொல்லி எழுத வைப்பது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீங்களும் பிள்ளைகளும் மாடு கன்றும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது ஜாஸ்மின். தூத்துக்குடிப் பெண், எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள், ஒரகடத்தில் செல்போன் கம்பெனியில் வேலை. இந்த வாரம் அவளுக்கு செகண்ட் ஷிப்ட், அதனால் காலையில் எழுதுகிறாள். நான் "வூடு" என்றால் இவள் "வீடு" என்று எழுதிக்கொள்கிறாள். விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

போன வெள்ளிக்கிழமை உங்களைப் பார்க்க வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி தூரத்திலேயே நிறுத்திவிட்டார். "இன்னா பெருசு, சொல்லிட்டு வந்துகிறியா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ மேட்டரை எழுதிக் குட்துட்டுப் போ" என்றார். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். என் பேத்தி சேர்ந்த நாளிலிருந்து மாட்டுக்கொட்டகையிலேயே இருக்கிறாள். படிப்பு நடக்கவில்லை என்று சொல்லவில்லை. புளியங்கொட்டையைச் சதுரமாக அடுக்கி ஏதோ கணக்குக் காட்டினாள், எனக்கே பாதி புரிந்தது. ஆனால் தினம் இரண்டு மணி நேரம் வேலை நேரம் என்று வைத்திருக்கிறீர்கள். ரொட்டி சுடுவது, தச்சு, தோட்டம், நூலகம், விருந்தாளியை வரவேற்பது, மாடு. மற்றப் பிள்ளைகள் வாரத்துக்கு வாரம் மாறுகிறார்கள். இவள் மாறுவதில்லை.

உங்கள் பள்ளிக்கூடம் இருக்கிற இடம் முன்னால் பெரிய வீட்டு நிலம். மீசை முளைக்கும் முன்பிருந்து நாற்பது வருஷம் அதில் வேலை செய்தேன். இப்போது கொட்டகை போட்டிருக்கிற இடத்தில்தான் அவர்களுக்கும் கொட்டகை. என் சம்சாரம் சந்திரம்மாள் சாகிற வரை அங்கே சாணி வாரினாள். மகன் பகலவன் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஐடிஐ படிக்க வைத்தேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனியில் லைனில் நிற்கிறான். அவன் மகள் அதே கொட்டகைக்குத் திரும்பப் போகிறாள், யூனிபார்ம் போட்டுக்கொண்டு.

ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நீங்கள் பீஸ் வாங்காமல் இடம் கொடுத்தீர்கள். அதில் ஒன்று இவளுடையது. அதனால் வாயைத் திறக்காதே என்கிறான் மகன். இந்தக் கடிதம் அவனுக்குத் தெரியாது. தீபாவளிக்குள் இவளை அங்கிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் படப்பையில் கவர்ன்மெண்ட் ஸ்கூலில் சேர்த்துவிடுவேன். அங்கே மாடு இல்லை.

இப்படிக்கு,
கன்னியப்பன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)


விளைநிலம் பள்ளி,
19-9-2025

மதிப்பிற்குரிய கன்னியப்பன் ஐயாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டில் உங்களை நிறுத்தியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டு மட்டும் வளர்வதில்லை என்பது எங்கள் கல்வி முறையின் எண்ணம். நிஜமான வேலை, அதற்கு அவர்களே பொறுப்பு. திங்கள்கிழமை காலை பிள்ளைகளே கூட்டம் போடுவார்கள். சுவரில் ஒரு பலகை, வேலைக்கு ஒரு வரிசையாகக் கொக்கிகள். தங்கள் பேர் எழுதிய மரச்சீட்டை வேண்டிய வேலையில் அவர்களே மாட்டுவார்கள். பெரியவர்கள் யாரும் பலகையைத் தொடமாட்டோம்.

அதனால் தென்றலை யாரும் கொட்டகைக்கு அனுப்பவில்லை. போன திங்களன்று அவள் சீட்டோடு யோசித்து நின்றபோது, "தென்றல் மாதிரி மாட்டைப் பாத்துக்க யாராலயும் முடியாது" என்று ஒரு பையன் சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய் மாட்டினாள். அவளுக்கு அது பெருமை என்றுதான் எனக்குத் தோன்றியது.

சேர்க்கைப் படிவத்தில், நிலத்திலும் தொழுவத்திலும் வேலை செய்யச் சம்மதம் என்ற இடத்தில் உங்கள் ரேகைதான் இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

அன்புடன்,
மஞ்சுளா


சேரப்பணஞ்சேரி காலனி,
23-9-2025

மஞ்சுளா அம்மா அவர்களுக்குக் கன்னியப்பன் வணக்கம்.

உங்கள் கடிதத்தை ஜாஸ்மின் இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை வேண்டாம் என்றேன், மனசில் ஏறிவிட்டது.

உங்களுக்கு எழுதுகிற கடிதத்தை விட்டால், என் ஆயுசில் ஏழு காகிதத்தில் ரேகை வைத்திருக்கிறேன். ஏழும் ஞாபகம் இருக்கிறது. கடைசியாக வைத்தது உங்களுடையது. மகனுக்கும் மருமகளுக்கும் அன்று ஷிப்ட், நான் வந்தேன். பச்சைக் கம்மல் போட்ட பெண் படித்துக் காட்டினாள். "எல்லாரும் மண்ணைத் தொட்டுக் கத்துக்குவாங்க தாத்தா" என்றாள். எல்லாரும் என்று சொன்னதால் வைத்தேன். இவள் மட்டும் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், தப்பு என்னுடையது.

கை தட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய வீட்டில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வரப்பில் நின்று இரண்டு தட்டு, நான் ஓட வேண்டும். மூன்று தட்டினால் சந்திரம்மாள். நானும் சிரித்துக்கொண்டேதான் போனேன் அம்மா. யாரும் கயிறு கட்டி இழுக்கவில்லை. இவன் மாதிரி மாட்டைப் பார்க்க ஆளே இல்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

திங்கள் சாயங்காலம் ஆனால், "இன்னா வேலைமா இந்த வாரம்?" என்று பேத்தியைக் கேட்பேன். பள்ளிக்கூடம் திறந்து வேலை ஆரம்பித்தது வைகாசிக் கடைசித் திங்கள். அது மாடு. ஆனியில் ஐந்து திங்கள், நாலு மாடு, மூன்றாவது மட்டும் உரக்குழி. ஆடியில் நாலு திங்கள், ஆடிப்பூரத்து வாரம் கோழி, மற்ற மூன்றும் மாடு. ஆவணியில் ஐந்து, பிள்ளையார் சதுர்த்தி வாரம் உரக்குழி, மீதி மாடு. புரட்டாசி பிறந்து நேற்று முதல் திங்கள். மறுபடி மாடு. ஆகப் பதினாறு வாரத்தில் பதின்மூன்று மாடு. உங்களிடம் நோட்டு இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு எது ஆசை என்று கேட்டேன். விருந்தாளியை வரவேற்கிற வேலையாம். கேட்டில் நின்று பேர் கேட்டு எழுதி, உள்ளே கூட்டிப் போய்க் காட்டுவது. "அப்போ அதுல மாட்ட வேண்டியதுதானே?" என்றேன். "அதுக்கு இங்கிலீஷ் பேசுறவங்க போவாங்க தாத்தா. நான் போய் நின்னா ஒரு மாதிரி பாப்பாங்க" என்றாள்.

மாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்படிக்கு,
கன்னியப்பன்
(ரேகை)


விளைநிலம் பள்ளி,
30-9-2025

கன்னியப்பன் ஐயாவுக்கு,

பிள்ளைகள் எழுதிவைக்கும் நோட்டை எடுத்து வாரம் வாரமாகப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ஒரே ஒரு இடம் மட்டும் ஒத்துப்போகவில்லை. ஆடிப்பூர வாரத்தில் அவளுக்கு நூலகம் என்று இருந்தது. ஒரு வாரமாவது மாறியிருக்கிறாளே என்று ஆறுதலாக அவளிடம் கேட்டேன். நூலகத்தில்தான் மாட்டினாளாம். அன்று கோழிக்கூண்டில் சாரைப்பாம்பு வந்திருக்கிறது. "உனக்குத்தான் பயம் இருக்காதே" என்று கூட்டிப் போனவர்கள் வாரம் முழுக்க அங்கேயே விட்டிருக்கிறார்கள். நோட்டை யாரும் திருத்தவில்லை. தப்பு நோட்டில்.

மூன்று பிள்ளைகள் இதுவரை ஒரு நாள்கூடக் கொட்டகைக்குப் போகவில்லை. பலகையைத் தொடக்கூடாது என்பதை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். படித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

நேற்றைய கூட்டத்தில் உங்கள் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கார்முகில் என்ற பையன்தான் முதலில் பேசினான். "உனக்கு மாடு பிடிக்கும்னு நெனச்சோம்" என்றான். "பிடிக்கும். அதுக்கு?" என்றாள் தென்றல். "செவலை மாடு கன்னு போடுற வரைக்கும் நான் பாத்துக்குறேன். அப்புறம் யாருன்னு நீங்களே பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

நல்லபடியாக முடியும் என்று நம்புகிறேன்.

மஞ்சுளா


சேரப்பணஞ்சேரி காலனி,
4-10-2025

மஞ்சுளா அம்மாவுக்கு,

ஐந்து நாளாகத் தென்றல் என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "ஆயா சாணி வாரினது, உன்னைக் கை தட்டிக் கூப்பிட்டது, எல்லாம் இப்போ கிளாஸ் முழுக்கத் தெரியும். சந்தோஷமா?" என்றாள்.

நான் கடிதம் எழுத வைத்தது உங்களுக்கு. முப்பது பிள்ளைகளுக்கு இல்லை. அதில் சந்திரம்மாள் பேர் இருந்தது. வாசிக்கட்டுமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற தென்றலிடமே கேட்டிருக்கலாம்.

மகனுக்கும் தெரிந்துவிட்டது. ஓவர்டைம் முடித்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கத்தினான். "உன்னை யாரு நைனா எழுதச் சொன்னது? ஸ்கூல் சீட்டு போச்சுன்னா நீ கட்டுவியா பீஸு?" மருமகள் செந்தாமரை, "அவரு கேட்டதுல இன்னா தப்பு?" என்றாள். எங்கள் வீட்டில் எனக்காகப் பேசியது அவள்தான். மாடியில் ஜாஸ்மினும் பேசியிருப்பாள், ஆனால் அவள் வாடகைக்கு இருக்கிற பெண்.

சீட்டு போகுமா போகாதா என்று ஒரு வரி எழுதுங்கள். பகலவன் நிம்மதியாக வேலைக்குப் போகட்டும். செவலை கன்று போடும்வரை படப்பை ஸ்கூல் பேச்சை நானும் நிறுத்தி வைக்கிறேன்.

கன்னியப்பன்
(ரேகை)


விளைநிலம் பள்ளி,
8-10-2025

ஐயாவுக்கு,

தென்றலின் இடம் எங்கேயும் போகாது. இதைப் பகலவனிடம் காட்டுங்கள்.

உங்களைக் கேட்காமல் வாசித்தது தவறு. தென்றலிடமும் சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றாள்.

நேற்று மத்தியானம் செவலை கிடாரிக் கன்று போட்டது. கன்றின் மூக்கைத் துடைத்து, சீம்பால் கறந்து கொடுத்து, தென்றல்தான் கடைசிவரை நின்றாள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத் தன் சீட்டைக் கொக்கியிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். திங்கள் வரை அந்தக் கொக்கி காலி. எங்கே மாட்டப்போகிறாள், அல்லது மாட்டாமலே போய்விடுவாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

மஞ்சுளா


சேரப்பணஞ்சேரி காலனி,
18-10-2025

மஞ்சுளா அம்மா அவர்களுக்குக் கன்னியப்பன் வணக்கம்.

வியாழக்கிழமை உங்களைப் பார்க்க வந்தேன். நீங்கள் மீட்டிங்கில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று எழுத வைக்கிறேன்.

எதில் மாட்டினாய் என்று திங்கள் சாயங்காலம் நான் கேட்கவில்லை. பத்தொன்பது வாரத்தில் அன்றைக்குத்தான் கேட்காமல் விட்டது. அவளும் சொல்லவில்லை. அதனால் நேரில் பார்த்துவிடலாம் என்று வந்தேன். கேட்டில் செக்யூரிட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை. நோட்டை வைத்துக்கொண்டு தென்றல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வணக்கம். உங்க பேர் சொல்லுங்க" என்றாள்.

"ஏம்மா, உனக்குத் தெரியாதா?"

"வர்றவங்க எல்லாரையும் கேக்கணும். பேர் சொல்லுங்க."

சொன்னேன். எழுதினாள். எழுதி முடித்து, "கன்னியப்பன் ஐயா, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். செக்யூரிட்டி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். மை டப்பா இல்லை. யோசித்துவிட்டு நீல ஸ்கெட்ச் பேனாவால் என் கட்டை விரலை முழுக்கத் தீட்டி, அவளே பிடித்து நோட்டில் அழுத்தினாள். இது எட்டாவது காகிதம்.

தண்ணீர் கொடுத்து உள்ளே கூட்டிப் போனாள். ரொட்டி அடுப்பு, தச்சுப் பட்டறை, நூலகம் எல்லாம் காட்டினாள். ஒவ்வொன்றையும் முதலில் இங்கிலீஷில் சொல்லிவிட்டு அப்புறம் தமிழில் சொன்னாள். எனக்கு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்கவில்லை. கடைசியில் கொட்டகை. அந்த இடத்துக்குள் நான் கால் வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கன்று நன்றாக இருக்கிறது. நெற்றியில் வெள்ளை, நல்ல சுழி.

கார்முகில் சாணிக் கூடையை உடம்பில் படாமல் இரண்டு கையையும் நீட்டித் தூக்கிக்கொண்டு போனான். அப்படித் தூக்கினால் பத்து நிமிஷத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். இடுப்பில் வைடா என்று சொல்ல வாயெடுத்தேன். தென்றல் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சொல்லாத தாத்தா. அவனே கத்துக்கட்டும். இங்க அப்படித்தான்."

பதினாறு நாளுக்கு அப்புறம் தாத்தா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

படப்பை ஸ்கூலுக்கு வாங்கி வைத்த அப்ளிகேஷன் பாரத்தை மருமகள் அடுப்பு மூட்டப் போட்டுவிட்டாள். பகலவன் உங்கள் கடிதத்தைப் பர்ஸில் வைத்திருக்கிறான்.

ஜாஸ்மினுக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. நாளை தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவள் திரும்ப வரமாட்டாள். அதனால் இனி எனக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நேரில் வருகிறேன். கேட்டில் பேர் கேட்பார்கள். சொல்லுவேன்.

இப்படிக்கு,
கன்னியப்பன்
(இடது கைப் பெருவிரல் ரேகை. நீலம் இன்னும் போகவில்லை.)