பிரிக்காத கேசட்

22 ஆகஸ்ட் 2024, வியாழக்கிழமை.

வேலூர் லாங் பஜாரில் ஒரு பழைய பொம்மைக் கடையின் பரணிலிருந்து இன்று அபூர்வமான வீடியோ கேம் கேசட் ஒன்று கிடைத்தது. பெட்டியில் 1991 என்று அச்சிட்டிருக்கிறது. மேலே சுற்றிய கண்ணாடித்தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை. அது கிழிந்தால் என் சேகரிப்பில் இதற்குத் தனி மதிப்பு கிடையாது.

விலை பேசி முடித்ததும் கடைக்காரர் பாபு பிளேடை எடுத்தார். இங்கே டார்ச் லைட் வாங்கினாலும் பிரித்து, எரியவிட்டுக் காட்டித்தான் கொடுப்பார்கள்.

"வேணாம் தம்பி, அப்படியே குடுங்க."

"செக் பண்ணாம குடுத்தா நாளைக்கு வந்து ஓடலன்னு பேஜார் பண்ணுவீங்க சார்."

"வரமாட்டேன்."

"பிரிக்காம வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? பூஜையா?"

பிளேடின் முனை தாளைத் தொட்டுவிட்டது. பிரிக்காததற்குத்தான் மதிப்பு என்ற உண்மையைச் சொன்னால் விற்கமாட்டார் என்று அஞ்சி, "பேரனுக்குப் பிறந்தநாள். அவன்தான் பிரிக்கணும்" என்றேன். எனக்குப் பேரன் இல்லை.

"மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்றவர், நான் தடுப்பதற்குள் பளபளக்கும் பரிசுக் காகிதத்தில் பெட்டியைச் சுற்றினார். பேரன் பெயரைக் கேட்டார். குழம்பிப்போய் என் பெயரையே சொன்னேன். அதையும் எழுதினார்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை மெல்ல நீக்கினேன். ஒரு செலோடேப் மட்டும் கண்ணாடித்தாளின் மீதே ஒட்டியிருக்கிறது. இழுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். காலை வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். ஆனால் ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் பசைப் பிரிவைக் கவனித்தவன் நான். ஓர் இரவு விட்டால் பசை எப்படிப் பிடிக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.