இலவசமாகக் கொடுத்த குரல்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பேராதனை வீதியில் பஸ் நகரவே இல்லை. செருப்பு ஊறிப்போய் ஆஸ்பத்திரிக் கவுண்டருக்குக் கீழே கழற்றி வைத்தேன். தோல் டொக்டர் வரவில்லை. நம்பர் எடுத்துக் காத்திருந்தவர்களிடம் வழக்கம்போல நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் திட்டினார். ஒருவர் "பரவால்ல மிஸ்" என்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது, பக்கத்துக் கவுண்டர் பஸீலா போனை நீட்டினாள். "ஸ்டெல்லா, இது ஒங்கட கொரல்தானே?"

அவள் வீட்டுக்கு வேலைக்கு வரும் ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பெண்ணுக்கு யாரோ அனுப்பிய குரல் செய்தி. கேட்டேன்.

"அக்கா, வணக்கம். வெளிநாட்டுல வீட்டு வேல இருக்கு. நல்ல வீடு. பாஸ்போட்ட மட்டும் எடுத்துக்கிட்டு வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வாங்க. பயப்படாதீங்க, நானும் தோட்டத்துப் புள்ளதான்."

என் குரல். சந்தேகமே இல்லை. 'புள்ள' என்று அழுத்துவதுகூட நான்தான். கோயில் பாடகர் குழுவில் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார்கள்.

ஆனால் இதை நான் சொல்லவில்லை. யாரிடமும், எப்போதும்.

பஸீலா என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். சோற்றை மூடிவிட்டு அவள் போனை வாங்கினேன். கழிவறைக்குள் போய் இன்னொரு தரம் கேட்டேன். பிறகு என் போனுக்கும் அனுப்பிக்கொண்டேன்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டிருக்கிறது. வாங்க வேண்டியது: அரிசி, டின் மீன், குளிக்கச் சவர்க்காரம். மின்சார பில் கட்டவில்லை.

எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்துவிட்டது.

முன்பு ஒரு நீண்ட லீவில், இணையத்தில் ஒரு குரல் சேகரிப்புக்கு வாசித்துக் கொடுத்தேன். சும்மா, சம்பளமில்லாமல். பேசும் மெஷின்களுக்குச் சென்னைத் தமிழ் தெரியும், யாழ்ப்பாணத் தமிழ்கூடக் கொஞ்சம் தெரியும். நம் மலைநாட்டுப் பேச்சு மட்டும் தெரியாது. கண் தெரியாத பிள்ளைகள் பாடம் கேட்க உதவும் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. வெளிச்சத்தம் விழாமலிருக்க அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டு வாசித்தேன். 'பஸ் தாமதமாக வந்தது.' 'தேயிலைக்கு உரம் போட்டாச்சு.' இப்படி எத்தனையோ.

இன்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எல்லாப் பதிவும் இருக்கிறது. இவற்றைக் கேட்டுப் பழகிய மெஷின் நான் சொல்லாததையும் என் குரலில் சொல்லும். அடியில் நான் அன்று சரி போட்ட நிபந்தனை. யாரும், எதற்கும், வியாபாரத்துக்கும்கூட, அனுமதி கேட்காமலும் பெயர் சொல்லாமலும் பயன்படுத்தலாம். கொடுத்த ஒப்புதலை மீளப் பெற முடியாது.

அன்றும் இதை வாசித்தேன்தான். நல்லது, எல்லோருக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் நினைத்தேன். என் வாயில் வேறு வார்த்தை வைக்கலாம் என்று அதில் எங்கே இருக்கிறது? தேடினேன். வைக்கக் கூடாது என்றும் இல்லை.

சேகரிப்பை நடத்துபவர்களுக்கு எழுதினேன். மரியாதையான பதில் உடனே வந்தது. என் பதிவுகளை இன்றே எடுத்துவிடுகிறார்களாம். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களிடமிருந்து திரும்பப் பெற வழியில்லையாம். வருந்துகிறார்களாம்.

கலஹா தேயிலைத் தோட்டத்திலிருக்கும் தம்பி அன்டனிக்கு இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லித் தொடங்குவது?

நவம்பர் 6, வியாழன்

அரை நாள் லீவு. நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் சட்டத்தரணி கனகரத்தினத்தைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து ஆள், நிதானமானவர். கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, போனிலிருந்ததை முழுவதும் கேட்டார். நிபந்தனையையும் வாசித்தார்.

"தங்கச்சி, பதிவுகளில உங்களுக்கு இருந்த உரிமையை நீங்களே விட்டுக் குடுத்திட்டியள். அதைத் திருப்பி வாங்கேலாது."

அப்படியென்றால் என் குரல் என்னுடையது இல்லையா என்று கேட்டேன்.

"பதிவைக் குடுத்தது வேற. நீங்கள் சொல்லாததை உங்கட குரலில சொல்லி ஆக்களை ஏமாத்திறது வேற. அதுக்கு ஒரு உரிமமும் இடம் குடுக்காது. பொலிசில முறைப்பாடு போடுங்கோ."

போட்டேன். சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார், இது உங்கள் குரலா என்று. ஆம் என்றேன். அப்படியானால் நீங்கள் பேசியதுதானே என்றார். இல்லை என்றேன். பேனையை வைத்துவிட்டுச் செய்தியை இன்னொரு தரம் போட்டுக் கேட்டார். என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. எழுதிக்கொண்டார். ஆனால் என் வாயால் நானே சொல்லும்போதுகூட அது பொய் மாதிரிதான் இருந்தது.

 வீட்டில் இரவு ஜெபத்தைக்கூட மனதுக்குள்தான் சொன்னேன்.

நவம்பர் 7, வெள்ளி, கொழும்பு பஸ்ஸில்

வெயில். எழுத்து குலுங்குகிறது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அன்டனி அழைத்தான். மூச்சு வாங்கினான்.

"அக்கா, ரீட்டா போயிட்டா. நீங்கதான் கொழும்புக்கு வரச் சொன்னீங்களாமே?"

ரீட்டா அவன் மனைவி. பிள்ளையைப் பக்கத்து லயத்து வீட்டில் விட்டு, விஷயத்தையும் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். வெளிநாடு போக வேண்டும் என்று அவள், கூடாது என்று இவன், கொஞ்ச நாளாகவே சண்டை. அந்தச் செய்தி அவளுக்கும் வந்ததும், அண்ணி நான்தான் தனக்காகப் பேசி ரகசியமாக ஏற்பாடு செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். பெயர் சொல்லாதது அன்டனிக்குத் தெரியாமலிருக்கத்தான் என்று.

நான் இல்லை என்று சொன்னேன்.  "அப்ப யாரு அக்கா?" என்றான்.



போகவேண்டிய இடத்தின் விலாசம் பஸீலாவிடம் இருந்தது, அந்தச் செய்தியோடு வந்தது. வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சட்டத்தரணிக்குச் சொன்னேன். அங்குள்ள பொலிசுக்குத் தான் அறிவிக்கிறேன் என்றார்.

ரீட்டாவை அழைத்தேன். எடுத்தாள். ரீட்டா, போகாத, அது நானில்ல என்றேன். அந்தப் பக்கம் தெருச் சத்தம்.

"வாங்கன்னதும் இதே கொரலு, போகாதன்னு சொல்றதும் இதே கொரலு. நான் எத அண்ணி கேக்குறது?"

வைத்துவிட்டாள். பிறகு அழைத்தால் போன் வேலை செய்யவில்லை.

கேகாலை தாண்டிவிட்டது. பக்கத்து சீட் அம்மா ஏதோ கேட்டார். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றே, பின்னேரம்

துணிக்கடைக்கு மேலே மாடி. போர்ட் இல்லை. பொலிஸ் எனக்கு முன்பே வந்திருந்தது. மேலே இருந்த ஆள் பின்பக்கமாக ஓடிவிட்டான். மேசையின் லாச்சி இழுத்துத் திறந்து கிடந்தது, உள்ளே பாஸ்போட்டுகள். ஒரு கான்ஸ்டபிள் பெயர் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் ரீட்டா. உயிரோடு, முழுசாக. அவளோடு இன்னும் ஐந்து பெண்கள். ஹேவாஹெட்ட, தெல்தெனிய, இன்னும் எங்கெங்கோ. மடியில் பைகள். என்ன நடக்கிறதென்று யாரும் அவர்களுக்குத் தமிழில் சொல்லவில்லை.

"ரீட்டா" என்றேன்.

ஆறு பேரும் திரும்பினார்கள்.

அவர்களில் மூத்தவள், வெற்றிலைக் கறை, நெற்றியில் விபூதி, என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, நீங்கதானா அது? ஒங்கள நம்பித்தானே வந்தோம்."

அது நான் இல்லை, என் குரலை எடுத்து யாரோ செய்தது, நான் இலவசமாகக் கொடுத்தது என்று சொன்னேன். எந்த அளவுக்கு விளங்கியதோ தெரியாது. சொல்லச் சொல்ல, அவர்கள் வார்த்தையைக் கேட்கவில்லை, குரலைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். ரீட்டா மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துவந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். அழுதாள்.

கையெழுத்து வைத்துப் பாஸ்போட்டுகளைத் திரும்ப வாங்கினோம். வாக்குமூலம் கொடுக்கத் திங்களன்று திரும்ப வரவேண்டும்.

கண்டி பஸ் இருக்கு, வாங்க போவோம் என்றேன்.

ஆறு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார்கள். நான் யார், எங்கே கூட்டிப் போகிறேன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.