வாப்பா வாங்கிய சத்தியம்

காயல்பட்டினம்
ரமலான் பிறை 20

அன்பு மகன் ஹுதைஃபாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மதுரை போதை மறுவாழ்வு வார்டில் முதல் பத்து நாள் வீட்டாரைப் பார்க்க விடமாட்டார்களாம், போனும் தரமாட்டார்களாம். அதனால் கடிதம்.

உம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க நானே தூக்குச்சட்டியோடு போகிறேன். சவூதி தம்மாமிலிருந்து வந்த முதலாளிக்கு வரிசையில நிக்கக்கூடத் தெரியுதே என்று உன் தங்கை ஸஹ்லா கேலி செய்கிறாள். பாண்டியராஜ் அடிக்கடி வந்து விசாரிக்கிறான். கடற்கரையில் படகுகளுக்குப் பின்னால் மூச்சடங்கிக் கிடந்த உன்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவன். அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

நேற்று தூத்துக்குடியில் டாக்டர் நேசக்குமாரைப் பார்த்தேன். துறைமுகத்தில் தோள் அடிபட்டு, வலி மாத்திரையில் தொடங்கிப் போதை ஊசி வரை போன உன்னை, அந்த ஏக்கத்தை அடக்க அவர் எழுதிக்கொடுத்த மாத்திரைதான் எட்டு மாதம் ஒழுங்காக வேலைக்குப் போகவைத்தது. உம்மா போனில் சொல்லி எனக்கு அது தெரியும். ஆனாலும், பிறை மூன்றில், பகல் பதினொரு மணிக்கு நீ ஆஸ்பத்திரி ஜன்னலில் வாங்கி நாக்குக்கு அடியில் வைத்ததை ஒருவர் பார்த்து வந்து சொன்னதும், உன் கையைக் குர்ஆன் மேல் வைத்து, இனி அதைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினேன். நோன்பு நாளில் போதையா என்று கேட்டேன். சத்தியம் செய்த ஒன்பதாம் நாள் பழைய ஊசிக்கே போய், அந்தப் படகுகளுக்குப் பின்னால் விழுந்தாய்.

நோன்பு தொறந்த பொறவு வச்சுக்கிடச் சொல்லிருப்பேனே அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தி உடம்பின் பழக்கம் விட்ட பிறகு, முன்பு தாங்கிய ஊசி அளவே ஆளைக் கொன்றுவிடுமாம்.

நோன்பு நான் சொன்ன காரணம். உண்மையில், பெருநாள் கழித்து ஸஹ்லாவைப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். இதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. வாரவங்ககிட்ட நானே சொல்லுதேன் வாப்பா, ஹுதைஃபா காக்கா மருந்து சாப்பிடுதுன்னு, எந்திரிச்சுப் போறவங்க போகட்டும் என்றாள்.

இப்போது அங்கேயும் அதே மாத்திரையைக் கொடுத்தால், வாப்பாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன் என்று வாயை மூடிக்கொள்கிறாயாம். பள்ளிவாசல் ஆலிமிடம் போய்க் கேட்டேன். அது நோய்க்கு மருந்து, அந்தச் சத்தியத்தை முறிப்பதே சரி என்றார். பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்கு உணவு கொடுக்க வேண்டும். உன் பேரில் நான் கொடுக்கலாம். ஆனால் உன் சம்மதம் வேண்டுமாம். நர்ஸிடம் சொன்னால் போதும், அவர் எனக்குப் போனில் சொல்வார். அரிசி வாங்கி வைத்துவிட்டேன்.

மன்னிப்பு இப்போது கேட்கவில்லை. அது உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது. கடிதம் கிடைத்த அன்றே மருந்துக்கு வாயைத் திற, மகனே. அல்லாஹ் உனக்கு நோயிலிருந்து ஷிஃபாவையும் நீண்ட ஆயுளையும் தரட்டும்.

உன் வாப்பா
அஹமது கபீர்